சீனியம்மாளின் ஜாக்கெட்

ஆடி 3, வெள்ளி

தினமும் என்ன சாப்பிட்டேன் என்று எழுதி வைக்க வேண்டுமாம். டாக்டர் பிள்ளை ஜெசிந்தா சொல்லிவிட்டது. என் பேத்தி வயசுதான் இருக்கும், கண்டிப்பு மட்டும் மாமியார் கண்டிப்பு. கோவில்பட்டியில் சர்க்கரை, பிரஷர், தொப்பை மூன்றும் சேர்ந்து உள்ள கிழடுகளை எல்லாம் மாதம் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டு, எடை போட்டு, டேப்பால் வயிற்றை அளக்கிறது. நன்றாகக் குறைத்தவருக்கு மூடி போட்ட ஒரு எவர்சில்வர் சம்படம் பரிசு.

காலை மூன்று இட்லி. மருமகள் கோமதி கொல்லைப்பக்கம் போனதும் இன்னொன்று. மத்தியானம் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு. கோமதிக்கு உப்புப் போடுவதில் கை சுருக்கம். டாக்டர் சொன்னதால் என்கிறாள். அதற்கு முன்னாலும் அப்படித்தான்.

ஆடி 4, சனி

காலை கேப்பைக் கூழ். மத்தியானம் சோறு, அவரைக்காய். ராத்திரி இரண்டு தோசை.

சம்படத்துக்குப் போட்டி போட என் நாத்தனார் சீனியம்மாளும் சேர்ந்திருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. தனியாக இருக்கிறாள், மகன் ஓசூரில். கை கால் எல்லாம் முருங்கைக் குச்சி, நடுவில் மட்டும் சுரைக்காய் கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஒரு வயிறு. அதற்குப் பேர் ஒல்லியாம். எனக்கு உடம்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது. ஓரவஞ்சனை கிடையாது.

என் கல்யாணத்தன்று நான் மணையில் உட்கார்ந்ததும், "எங்க அண்ணனுக்குக் கொஞ்சம் இடம் விட்டு உட்காரச் சொல்லுங்க" என்றாள். அப்போது பாவாடை கட்டின வாண்டு அவள். பந்தலே சிரித்தது. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அவன் போட்டிருந்த சட்டை நிறம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. பச்சை.

ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அதனால் எழுத்துதான் கோணும். ஞாபகம் கோணாது.

ஆடி 10, வெள்ளி

இரண்டு இட்லி. சத்தியமாக இரண்டுதான்.

காலையில் நடக்கப் போகிறோம், நானும் சீனியும். ஒருத்தரை ஒருத்தர் கண்காணிக்கத்தான். வழியில் பிள்ளையார் கோயில் வந்ததும் நின்றுவிடுகிறாள். தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஒரு கும்பிடு. அது முடிய எனக்குக் கால் மரத்துப்போகிறது. போன வருஷம் வரை அந்தப் பிள்ளையாரை இவள் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. சம்படத்துக்காக இவ்வளவு பக்தி.

"என்னட்டி வேண்டிக்கிட்டே?" என்றேன்.

"மதினிக்கு நல்ல புத்தி கொடுன்னு."

"அதுக்கா இவ்வளவு நேரம்?"

"பெரிய வேண்டுதல்லா."

ஆடி 18, சனி

எழுதவே பிடிக்கவில்லை. சம்படம் அவளுக்கு.

டாக்டர் பிள்ளை இன்று வரவில்லை. நர்ஸ்தான் எடை பார்த்தாள். எனக்கு ஒன்றும் குறையவில்லை. மிஷின் முள் என்னைப் பார்த்துப் பழகிய இடத்திலேயே நின்றது. சீனிக்கு நாலு கிலோ குறைந்திருக்கிறது. எல்லாரும் கை தட்டினார்கள். "அக்கா, கழுத்து எலும்பெல்லாம் தெரியுது, குமரி மாதிரி ஆயிட்டீங்க" என்று ஒருத்தி. கழுத்து எலும்பு தெரிந்தால் குமரியா? எங்கள் தெருவில் ஒரு மாடு இருக்கிறது, அதற்கும் தெரியும்.

"டேப்பையும் பாரும்மா, அவ வயிறு ஒரு விரல்கூட இறங்கலை, கைதான் சூம்பியிருக்கு" என்றேன். நர்ஸ் கேட்கவில்லை. எடைதான் கணக்காம்.

சீனி சம்படத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசல் வழியாக இரண்டு தடவை போனாள். அவள் வீட்டுக்கு அது வழியே இல்லை.

ராத்திரி மூன்று தோசை. யாருக்காகக் குறைக்க வேண்டும்.

ஆடி 23, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் சீனி வீட்டுக்குப் போனேன். அவள் கிணற்றடியில் இருந்தாள். அரிசிப் பானையைத் திறந்தால், உள்ளே கருப்பட்டி மிட்டாய். ஒரு பொட்டலம் முக்கால் காலி, இன்னொன்று பிரிக்காதது. அவள் புருஷன் இருந்தவரை அந்த மிட்டாய்க் கடைதான் பிழைப்பு. பின்கட்டில் விறகடுப்பு. இவள் புகைக்குள் உட்கார்ந்து பிழிந்து போடுவாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டே பாகில் முக்குவார். ஜன்னல் என்று ஒன்று அந்த அறைக்குக் கிடையாது. தீபாவளி சமயத்தில் உள்ளே போனால் யார் புருஷன் யார் பெண்டாட்டி என்று தெரியாது.

கடை போனாலும் நாக்கு போகவில்லை போலிருக்கிறது. சர்க்கரை வியாதிக்காரி மிட்டாயைத் தின்றுவிட்டு, மெலிந்துவிட்டேன் என்று சம்படம் வாங்குகிறாள். அடுத்த மாதம் எடை போடுகிற சனிக்கிழமை டாக்டர் பிள்ளை முன்னால், அத்தனை பேர் பார்க்கச் சொல்லப் போகிறேன்.

சுண்டல் ஒரு கிண்ணம். மனசு நிறைந்திருந்ததால் ராத்திரி பசிக்கவில்லை.

ஆவணி 2, ஞாயிறு

சீனி நாலு ஜாக்கெட்டைக் கொண்டுவந்து போட்டாள். "தோள்ல நிக்க மாட்டேங்குது மதினி, பிடிச்சுக் கொடுங்க." நாற்பது வருஷமாக அவளுக்கு நான்தான் தைக்கிறேன். கூலி கேட்டதில்லை, அவளும் கொடுத்ததில்லை. பிறகு பிரித்துவிடத் தோதாக உள்ளே துணி விட்டு, அடுத்தடுத்து மூன்று தையல் போட்டுத்தான் எப்போதும் கொடுப்பேன். எனக்கென்றால் பிரித்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். அவளுக்கு அந்தத் தையல்கள் கன்னி கழியாமல் அப்படியே இருக்கும்.

இன்று கடைசித் தையலுக்கும் உள்ளே பிடிக்க வேண்டியிருந்தது. கையில் இரண்டு விரல் போகிற அளவு தொளதொளப்பு. இடுப்புக் கொக்கி மட்டும் இழுத்துப் பிடித்துத்தான் மாட்டுகிறது.

"எப்படிட்டி இப்படிக் குறைச்சே?"

"வாயைக் கட்டுறேன் மதினி. உங்களுக்கு அது வராது."

அரிசிப் பானையை நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. சனிக்கிழமைக்கு வைத்திருக்கிறேன்.

பேசிக்கொண்டே இருமினாள். தண்ணீர் கொடுத்தேன். மிட்டாய் தொண்டையில் ஒட்டியிருக்கும்.

நாலு ஜாக்கெட்டும் தைத்து முடிக்க விளக்கு வைத்துவிட்டது. என்னமோ தெரியவில்லை, கை ஓடவே இல்லை. சாப்பிட்டது ரசம் சோறு.

ஆவணி 15, சனி

நினைத்த மாதிரி நடக்கவில்லை.

எடை போடும் முன்னாலேயே எழுந்து நின்று சொல்லிவிட்டேன். "டாக்டர், இவ தினமும் கருப்பட்டி மிட்டாய் திங்கிறா. அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கா. சம்படத்தைத் திருப்பி வாங்குங்க."

எல்லாரும் சிரித்தார்கள். சீனி என்னைப் பார்த்த பார்வையில் பருப்பு வேகும். டாக்டர் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. "தின்னுமா மெலியுறாங்க?" என்று கேட்டுவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனது. எடை போட்டதில் சீனிக்கு இன்னும் இரண்டு கிலோ குறைந்திருந்தது. கையைப் பிடித்துப் பார்த்தது. வயிற்றை டேப்பால் அளந்தது. நான் சொன்னதுதான், இறங்கவே இல்லை.

"சர்க்கரை ஏறினாலும் இப்படி மெலியும். ஆனா இருமல் இருக்கா ஆச்சி?"

"போன வாரம் மழையில நனைஞ்சேன், அதான்" என்றாள் சீனி.

பொய். எனக்குப் பொறுக்கவில்லை. "பங்குனி உத்திரத்துக்கு நான் சாஸ்தாவுக்குப் படைக்க வச்சிருந்த பொங்கல் மேல இருமினா டாக்டர். அன்னைக்கே வேற பொங்கல் வச்சேன். சித்திரையில கோமதி தம்பி கல்யாணத்துல தாலி கட்டுற நேரம் பார்த்து இருமினா. ஐயர் திரும்பிப் பார்த்தாரு. வைகாசியில என் சம்பந்தி வந்திருந்தப்ப, பேச விடாம இருமினா."

"மூச்சு வாங்குதா?"

"இல்லை" என்றாள்.

"பிள்ளையார் கோயில் தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா" என்றேன். அவள் கும்பிடவில்லை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

டாக்டர் பிள்ளை நெஞ்சைப் படம் எடுக்கச் சீட்டு எழுதிக் கொடுத்தது. "ஆச்சி, இவ்வளவு ஞாபகமா வச்சிருக்கீங்களே" என்றது என்னிடம்.

"இன்னும் இருக்கு" என்றேன்.

ஆவணி 17, திங்கள்

சீனி படம் எடுக்கப் போக மாட்டாளாம். கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகப் பேசினாள்.

"நான் மெலிஞ்சது உங்களுக்குப் பொறுக்கலை மதினி. ஊரே மெச்சுது. உங்க ஒருத்திக்குத்தான் நான் நோயாளி."

பேசி முடிக்க மூன்று இடத்தில் நின்று மூச்சு எடுத்தாள். நான் திரும்பி வந்துவிட்டேன். எக்கேடும் கெட்டுப் போகட்டும்.

என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகம் இல்லை. எனக்கு ஞாபகம் இல்லை என்று நானே எழுதுகிறேன்.

ஆவணி 20, வியாழன்

மறுபடியும் போனேன். கறிவேப்பிலை தீர்ந்துவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு சொன்னேன்: "ஏட்டி, படம் எடுத்து ஒண்ணும் இல்லைன்னு வந்தா, மணையில உட்கார்ந்த கதையை இனிமே நான் எடுக்க மாட்டேன்."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "முழுசாவா?" என்றாள்.

"முழுசா."

"பந்தியில வாளியை வச்சிட்டுச் சிரிச்சவனையும் சேர்த்தா?"

"அவனையும்."

தாழ்ப்பாள் திறந்தது. சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இடம் போதுமா மதினி?" என்றாள். மூச்சு இல்லாவிட்டாலும் கொழுப்பு இருக்கிறது.

புரட்டாசி 3, வியாழன்

ஒன்றும் இல்லை என்று வரவில்லை.

படத்தில் வலது பக்க நுரையீரலில் ஒரு கட்டி. மதுரைக்குப் போய், மிஷினுக்குள் படுக்க வைத்து, ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான். வேறு எங்கும் பரவவில்லையாம். வெட்டி எடுத்துவிடலாம், ஆனால் முதலில் சர்க்கரை இறங்க வேண்டும், உடம்பு தேற வேண்டும். ஓசூரிலிருந்து அவள் மகன் வந்து அழுதான். சீனி அழவில்லை.

பஸ்ஸில் வரும்போது, "கதை உங்ககிட்டயே இருக்கட்டும் மதினி" என்றாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காற்று கண்ணில் அடித்தது.

புரட்டாசி 12, சனி

டாக்டர் பிள்ளையிடம் கேட்டே விட்டேன். "நான் குண்டு, அவ ஒல்லி. எனக்கு வரலை, அவளுக்கு வந்திருக்கு. அப்படின்னா சதை போட்டிருந்தா நுரையீரலுக்கு நல்லதுதானே?" அது மட்டும் ஆமாம் என்று சொல்லியிருந்தால் வரும் வழியில் இரண்டு வடை வாங்கியிருப்பேன்.

சிரித்துவிட்டது. எடையை மட்டும் பார்த்தால் கணக்கு அப்படித்தான் காட்டுமாம். ஆனால் அது ஏமாற்றுக் கணக்காம். பீடி, சிகரெட் குடிப்பவர்கள் பாதிப்பேர் ஒல்லியாக இருப்பார்கள், அவர்களுக்கு இந்த நோய் அதிகம். நோய் உள்ளே வந்துவிட்டால், கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே ஆளை மெலிய வைத்துவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒல்லிக்குத்தான் வரும் என்று தோன்றும்.

"எடையை விட டேப்புதான் உண்மை சொல்லும் ஆச்சி. தொப்பை, சர்க்கரை, பிரஷர், ரத்தத்துல கொழுப்பு இதெல்லாம் சேர்ந்து இருந்தா, நுரையீரலுக்கும் கொஞ்சம் ஆபத்து கூடுற மாதிரித்தான் தெரியுது. ஏன்னு இன்னும் ஆராய்ச்சி பண்றாங்க. ஆனா எல்லாத்துக்கும் மேல புகை. அவங்க பீடி குடிக்கலைன்னாலும், குடிச்ச காத்தைத்தானே சுவாசிச்சிருக்காங்க. விறகடுப்பு வேற."

"அப்ப அவளுக்கு எதனால வந்துச்சு?"

"ஒருத்தருக்கு இதனாலதான்னு விரல் நீட்டிச் சொல்ல முடியாது ஆச்சி."

எனக்கு முடியும். அந்த ஜன்னலில்லாத அறையைக் கட்டின கொத்தன் பேர் எனக்குத் தெரியும்.

வடை வாங்கவில்லை. கடையைத் தாண்டும்போது பிள்ளையார் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புரட்டாசி 20, ஞாயிறு

சீனி சாப்பாடு இப்போது என் பொறுப்பு. காலையில் இரண்டு முட்டை, மத்தியானம் மீனோ பருப்போ, சாயங்காலம் அவித்த பயறு. சோறு அளவாக. மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கோமதிதான் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். ஒன்று எனக்கு வந்தது. எழுதிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் மூன்று பந்து உள்ள ஒரு கண்ணாடிப் பெட்டி கொடுத்திருக்கிறார்கள். குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே ஏற வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால் நுரையீரலுக்குப் பழக்கமாம். சீனிக்கு ஒரு பந்துதான் ஏறியது.

"இதுகூட ஏறலையா? கொண்டா" என்று குழாயைக் கழற்றித் துடைத்து, நான் வைத்து இழுத்தேன். எனக்கும் ஒன்றுதான் ஏறியது. இரண்டாவது சும்மா ஆடிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

சீனி சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, ஒரே களேபரம்.

"இவ்வளவு பெரிய உடம்புல காத்து வைக்க இடம் இல்லையா மதினி?"

தனியாக ஒரு பெட்டி வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். இவளை ஜெயிக்காமல் விட மாட்டேன்.

புரட்டாசி 29, செவ்வாய்

எனக்கு இரண்டு பந்து. அவளுக்கு இரண்டரை என்கிறாள். அரைப் பந்து என்று ஒன்று கிடையாது.

ஐப்பசி 4, திங்கள்

ஆபரேஷன்.

ஐப்பசி 5, செவ்வாய்

ஐ.சி.யூ.வில் இருக்கிறாள். உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள். வாசலில் பெஞ்சு குட்டையாக இருக்கிறது. மதுரையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துச் சமைக்கிற கோமதி பொட்டலத்தில் தயிர்சாதம் கொண்டுவந்தாள். உப்பு இல்லை. வைத்துவிட்டேன்.

ஐப்பசி 6, புதன்

கோமதியின் சாம்பார் சரியில்லை. சாப்பிடவில்லை.

ஐப்பசி 7, வியாழன்

இட்லி கல்லு மாதிரி இருந்தது.

என் வீட்டுக்காரர் எப்போதோ போய்விட்டார். வாளியை வைத்துவிட்டுச் சிரித்தவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்தப் பந்தலில் இருந்தவர்களில் இவளும் நானும்தான் மிச்சம். இவளும் போனால் அந்தக் கதையை நான் யாரிடம் போய்ச் சொல்லிக் காட்டுவது.

ஐப்பசி 8, வெள்ளி

ஒரே ஒரு நிமிஷம் உள்ளே விட்டார்கள். மூக்கில் குழாய், விலாவில் குழாய். கண்ணைத் திறந்து பார்த்தாள். ஒரு விரலை ஆட்டினாள். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"எத்தனை பந்து?" என்றாள்.

வெளியே வந்து கோமதி கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டேன். முழுவதும். ஊறுகாயும் கேட்டேன்.

ஐப்பசி 20, புதன்

சீனியை வீட்டுக்குக் கூட்டிவந்தாயிற்று. என் வீட்டுக்குத்தான். அவள் மகன் ஓசூருக்கு அழைத்தான். அங்கே குளிர் ஆகாது என்று நான் சொல்லிவிட்டேன். என் தையல் மிஷினைக் கூடத்துக்கு நகர்த்தி அந்த இடத்தில் கட்டில். அடுத்து ஊசி மருந்து எதுவும் இப்போதைக்குத் தேவையில்லையாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை படம் எடுக்க வேண்டும்.

கட்டிலில் உட்கார்ந்து ஒரு வாய் தின்றதுமே, "குழம்புல உப்பு இல்லையே கோமதி" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் பேசிய முதல் நியாயம்.

கார்த்திகை 15, சனி

சம்படம் எனக்கு.

மூன்று கிலோ குறைந்திருக்கிறேன். நர்ஸ் கை தட்ட ஆரம்பித்தாள். டாக்டர் பிள்ளை நிறுத்தச் சொல்லிவிட்டது. இப்போதெல்லாம் யார் மெலிந்தாலும் அதற்குச் சந்தேகம்தான். "நீங்க எப்படி மெலிஞ்சீங்க ஆச்சி? இருமல் இருக்கா?" என்று என்னைக் குடைந்தது.

"கோமதி சமையல்" என்றேன்.

கோமதி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "சீனியத்தை ஆபரேஷன் முடிஞ்சு ஐ.சி.யூ.வில இருந்தப்ப இவங்க சாப்பிடவே இல்லை டாக்டர். பெஞ்சை விட்டும் எந்திரிக்கலை."

பக்கத்தில் சீனி உட்கார்ந்திருந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த சத்துணவுப் படத்தைப் பார்த்தேன். அதில் ஒரு பப்பாளி இருந்தது.

பட்டினி கிடந்து குறைப்பது கணக்கில் சேராது என்று டாக்டர் பிள்ளை சொன்னது. ஆனால் டேப்பிலும் நாலு விரல் இறங்கியிருந்தது, தினமும் நடந்ததால். அதனால் சம்படத்தைக் கொடுத்துவிட்டது. சீனி வீட்டில் இருப்பதைவிட இது ஒரு சுற்றுப் பெரிது. அளந்து பார்த்துவிட்டேன்.

தை 19, சனி

மூன்றாம் மாதப் படம் பார்த்தார்கள். சுத்தமாக இருக்கிறது. அடுத்தது சித்திரையில்.

வெளியே வந்ததும் சீனி கேட்டாள். "படத்துல ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க. வாக்குக் கொடுத்தீங்களே மதினி."

"அது பழைய படத்துக்குக் கொடுத்த வாக்கு. இதுக்குச் செல்லாது."

"நல்லதாப் போச்சு" என்றாள். "அதையும் விட்டுட்டா நாம என்ன பேசுறது?"

பிள்ளையார் கோயில் வந்தது. நிற்பாள் என்று நானும் நின்றேன். அவள் பாட்டுக்குத் தாண்டிப் போய்விட்டாள். நான்தான் தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனேன். பெரிய வேண்டுதல் ஒன்றும் இல்லை.

தை 20, ஞாயிறு

காலை இரண்டு இட்லி. சீனிக்கு இரண்டு முட்டை. ஒன்றைத்தான் தின்பேன் என்று அடம்பிடித்தாள், நின்று தின்ன வைத்தேன்.

பச்சை ஜாக்கெட்டைப் போட்டவள், கையை இறுக்குகிறது என்று கழற்றிக் கொடுத்தாள். கோபமாகச் சொன்னாள். "உங்க வீட்டுச் சோத்தைத் தின்னு உங்களை மாதிரி ஆகிட்டேன்." வயிற்றை டேப் போட்டுப் பார்த்தேன், ஏறவில்லை. கைக்குத்தான் சதை வந்திருக்கிறது.

வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஆவணியில் நான் பிடித்த தையலைப் பிரித்தேன். அதற்கு வெளியே பழைய தையல் மூன்றும் இன்னும் இருக்கின்றன. அவற்றை இன்று தொடவில்லை. சித்திரைக்கு இருக்கட்டும்.